பத்திரமாக வைக்கப்பட்டது

மாதிரி எடுத்தபோது உடனிருந்தவர்கள்: சுண்ணாம்பு கொண்டுவந்த தேசம்மா. அதை ஏற்றிவந்த லாரி ஓட்டுநர், எளாவூர் மஸ்தான். ஸ்டோர் குமாஸ்தா கோபால். லேப் அட்டெண்டர் ஏகாம்பரம், அதாவது நான். ஆக நான்கு பேர். மழைக்கு ஒதுங்கி லாரிக்கு அடியில் படுத்திருந்த நாயையும் ஐந்தாவதாக எழுதிவிட்டுப் பிறகு அந்த வரியைக் கோடு போட்டு அடித்தேன். எங்கள் கெமிஸ்ட் சாரதா மேடம் அன்று வரவில்லை. வராதவரையும் ‘வரவில்லை’ என்று எழுத வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம்தான்.

எங்கள் வீட்டு மாடியில் கல்பனா என்ற பெண் குடியிருக்கிறாள். தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வகத்தில் சேர்ந்து ஆறு மாதமாகிறது. போன வாரம் படியிறங்கி வந்து, “ஐயா, நீங்க காலம் பூரா லேப்லதான் இருந்தீங்களாமே, ரிப்போர்ட் எப்படி எழுதறதுன்னு கொஞ்சம் சொல்லுங்களேன். எங்க சார் தினமும் திருப்பி அனுப்பறாரு” என்றாள். சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல, எதையோ விட்டுவிட்டேனோ என்று எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. பேச்சைத் திரும்பிப் பார்க்க முடியாது. எழுதினால் திரும்பிப் பார்க்கலாம். அதனால் எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கவரைப்பேட்டைக்குக் கிழக்கே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நெல் நிலம் இருந்தது. அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து படுத்ததும் ஏர் பிடிக்க ஆள் இல்லாமல் பள்ளிக்கூடத்திலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் ரயில் பாதையை ஒட்டி ஒரு பிளீச்சிங் பவுடர் தொழிற்சாலை வந்தது. அதன் ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை கிடைத்தது. ஐந்து வருடம் கழுவினேன். பிறகு தராசைத் தொடவிட்டார்கள். பிறகு பியூரெட்டைப் பிடிக்கவிட்டார்கள். சொட்டுச் சொட்டாக அமிலத்தை இறக்குகிற அந்த நீளக் கண்ணாடிக் குழாயில் என் கை நன்றாகப் படிந்தது. பயந்த சுபாவக்காரன் கை அவசரப்படாது இல்லையா, அதனால்தான்.

பயம் என்று சொன்னேன். அதை மறைத்து எழுதினால் இந்தக் கதையே புரியாது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். மறுபடி போவேன், மறுபடி வருவேன். என் மனைவி சகுந்தலா ஒரு நாள் பொறுக்காமல், “இன்னும் ஒரு தபா இழு, கதவோட சேந்து ஊடும் கையில வந்துரும்” என்றாள். பூட்டியது எனக்குத் தெரியும். தெரிந்தது போதாமல் இருந்தது.

சாரதா மேடம் எழுபதுகளின் தொடக்கத்தில் வந்தார். அவருக்கு இருபத்தாறு வயது, எனக்கு முப்பத்தொன்று. தினமும் காலைப் பாசஞ்சரில் சென்னையிலிருந்து வருவார். அந்தத் தொழிற்சாலைக்குள் வேலைக்கு வந்த முதல் பெண் அவர்தான். ‘நமக்கு மேலே ஒரு பொம்பளப் புள்ளையா’ என்று கோபால் என் காதில் சொன்னான். நான் மேடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எங்கள் நோட்டுப் புத்தகங்களை எடுத்து வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தார்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சந்தேகம் வந்த வார்த்தைக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். நோட்டை மேசைமேல் என் பக்கம் நகர்த்துவார். அவ்வளவுதான். புள்ளி எதற்கு என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். முதல் வாரம் ஒரு பக்கத்தில் பதினோரு புள்ளி.

“‘சுமார் அரை மணி குலுக்கப்பட்டது’ன்னு எழுதியிருக்கீங்க, ஏகாம்பரம். சுமார்னா எவ்வளவு?”

“அரை மணிதான் மேடம்.”

“அப்ப அரை மணின்னு எழுதுங்க.”

“கடிகாரம் பாக்கல மேடம்.”

“அப்ப கடிகாரம் பாக்கலைன்னு எழுதுங்க.”

‘வழக்கம் போல்’ என்ற வார்த்தையும் அவருக்கு ஆகாது. “யார் வழக்கம்? உங்க வழக்கமா, எனக்கு முன்னால இருந்தவர் வழக்கமா?” என்பார்.

அலுவலகத்துக்குப் போகிற படிவம் ஆங்கிலத்தில் அச்சடித்தது. எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். பழைய கெமிஸ்ட்டுகள் வாயால் கேட்டுக்கொண்டு அவர்களாக எழுதிக்கொள்வார்கள். சாரதா மேடம் எனக்கு ஒரு புது நோட்டுக் கொடுத்து, “நீங்க தமிழ்லயே எழுதுங்க. இங்கிலீஷ்ல நான் போட்டுக்கறேன். ஆனா நான் போடறதெல்லாம் நீங்க செஞ்சதா இருக்கணும். செஞ்சிருக்க வேண்டியது எனக்குப் புஸ்தகத்துலயே இருக்கு” என்றார். பள்ளிக்கூடத்தை விட்டுப் பதினெட்டு வருடத்துக்கு அப்புறம், நான் எழுதியதை ஒருவர் உட்கார்ந்து படித்தார். அந்த நோட்டுக்குப் பிரவுன் பேப்பர் அட்டை போட்டேன்.

இனி சுண்ணாம்புக்கு வருகிறேன். பிளீச்சிங் பவுடருக்குச் சுண்ணாம்புதான் உயிர். பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பங்கள், மீன் குறைகிற மாதங்களில் சேற்றிலிருந்து கிளிஞ்சல் வாரி, சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கி அனுப்பும். தேசம்மாவின் சூளையில் நான்கு குடும்பத்துக்குக் கூலி. மழை தொடங்கிவிட்டால் சூளை எரியாது. ஐப்பசியில் கடைசி லோடு வரும், அந்தப் பணத்தில்தான் தை வரைக்கும் சாப்பாடு. லோடு ஒன்றுக்கு ஐந்து டன், அறுநூறு ரூபாய். சுண்ணாம்புச் சத்து நூற்றுக்கு எண்பது இருந்தால் முழு விலை. எழுபத்தைந்துக்குக் கீழே போனால் திருப்பி எடுத்துக்கொண்டு போக வேண்டும், அல்லது பாதி விலைக்கு விட்டுவிட வேண்டும். எண்பதா எழுபத்தைந்தா என்று சொல்வது எங்கள் ஆய்வகம்.

அது அந்த வருடத்துக் கடைசி லோடு. வெள்ளிக்கிழமை மத்தியானம். தார்ப்பாயை விலக்கி, மேலே எடுக்காமல் அடியிலிருந்து, ஏழு இடத்தில் மண்வெட்டியால் எடுத்தேன். கொட்டகைக்குள் கொண்டுபோய் உடைத்து, குவியலாகக் குவித்து, தட்டையாக்கி, அடை அறுப்பதுபோல நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளினேன். மிஞ்சியதை மறுபடி குவித்து மறுபடி நாலு. இப்படி ஐந்து முறை. கடைசியில் மிஞ்சியதை இடித்துப் பொடியாக்கி மூன்று பாட்டிலில் நிரப்ப வேண்டும். ஒன்று சோதனைக்கு. ஒன்று தகராறு வந்தால் பார்க்க அலமாரிக்கு. ஒன்று கொண்டுவந்தவர் கையில். மூன்றுக்குள்ளும் லோடு எண் எழுதிய சீட்டு ஒன்றைப் போட வேண்டும். வெளியே ஒட்டிய லேபிளை யாரும் மாற்றி ஒட்டிவிடலாம் என்பதால் அந்த ஏற்பாடு. அன்றைய எண் பதினான்கு.

“லேபுக்குள்ள மூட்டை சர்க்கரை வச்சிக்கினு கீறாங்கன்னு கோபாலு சொல்றான், நெசமா நைனா?” என்று மஸ்தான் என்னைக் கேட்டார்.

“நெசந்தான். சுண்ணாம்பு வெறும் தண்ணில சரியாக் கரையாது, சர்க்கரைத் தண்ணிலதான் கரையும். அதுக்கு.”

“சுண்ணாம்புக்கு சர்க்கரத் தண்ணி, எனக்கு சர்க்கர போடாத வெறும் டீ. நல்ல கம்பெனி.”

தேசம்மா சிரிக்கவில்லை. ஒவ்வொரு முறை நான் இரண்டு பங்கைத் தள்ளும்போதும், எதைத் தள்ளுகிறேன், எதை வைத்துக்கொள்கிறேன் என்று பார்த்துக்கொண்டே நின்றார். “நல்லா பாத்து எடு நைனா. வெறகு ஈரம்னு மூணு நாளு கண்ணு மூடாம சுட்டது” என்றார். தன் பங்குப் பாட்டிலுக்கு நான் அரக்கு உருக்கி வைத்ததும் முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு எனக்குத் தோன்றியது: சீட்டைப் போட்டேனா?

போட்டேன். போட்டது கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. ஆனாலும் சோதனைப் பாட்டிலைத் திறந்து பார்த்தேன். பொடிக்குள் புதைந்திருந்ததால் தெரியவில்லை. ஒரு காகிதத்தில் கொட்டிப் பார்த்தேன். இருந்தது. திரும்ப அள்ளிப் போட்டுத் தக்கையை வைத்தேன். அள்ளும்போது சீட்டையும் சேர்த்து அள்ளினேனா? மறுபடி கொட்டினேன்.

அன்று மாலையே ரயில் பாதையில் தண்ணீர் ஏறிவிட்டது. சனிக்கிழமையும் மேடம் வரவில்லை. அவர் இல்லாமல் சோதனை செய்யக் கூடாது. சனிக்கிழமை முழுக்க நானும் அந்தப் பாட்டிலும்தான். இதற்கு நடுவே எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அட்டெண்டரிலிருந்து அசிஸ்டன்ட் ஆக்க மேடம் எழுதிக் கொடுத்திருந்தார். உத்தரவு மேனேஜர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. சகுந்தலாவுக்கு ஆறாவது மாதம். இந்த நேரத்தில் ஒரு சீட்டு காணாமல் போனால் என்ன ஆகும்? அலமாரியில் இருந்த பாட்டிலையும் அரக்கைச் சுரண்டித் திறந்து பார்த்தேன். அதிலும் சீட்டு இருந்தது. புது அரக்கு வைத்தேன். நான் செய்த அத்தனையும் கவனமாகத்தான் செய்தேன். அதுதான் கஷ்டம்.

திங்கட்கிழமை சோதனை. பொடியை நிறுத்து, கொதித்து ஆறிய தண்ணீரில் போட்டு, சர்க்கரைக் கரைசல் ஊற்றிக் கால் மணி குலுக்கினேன், கடிகாரம் பார்த்து. பிறகு நிறங்காட்டி ஐந்து சொட்டு. குடுவை ரோஜா நிறமாகும். பியூரெட்டிலிருந்து அமிலத்தைச் சொட்டவிட, எந்தச் சொட்டில் ரோஜா மறைகிறதோ அந்த அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பு அதிகமிருந்தால் அமிலம் அதிகம் கேட்கும். அன்று நிறம் சீக்கிரம் போய்விட்டது. எழுபத்தொன்று புள்ளி இரண்டு. திரும்பச் செய்தேன். எழுபது புள்ளி ஒன்பது.

ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். நல்ல சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டால் சீறும், குடுவை சுடும். அன்றைக்குச் சீறவில்லை. குடுவை என் உள்ளங்கையில் வெதுவெதுப்பாகக்கூட இல்லை. கவனித்தேன். எழுதவில்லை. எழுத இடம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நோட்டில் பாதிப் பக்கம் காலியாகத்தான் இருந்தது.

மேடம் படித்தார். இரண்டு வரிக்கு நடுவில் பென்சில் நின்றது. ‘மாதிரி வெள்ளி முதல் திங்கள் வரை பத்திரமாக வைக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தேன். ‘பத்திரமாக’ என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. நோட்டை என் பக்கம் நகர்த்துவதற்குள் மேனேஜர் அறையிலிருந்து ஆள் வந்துவிட்டான். மழையில் லோடு முற்றத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது, ரிப்போர்ட் இந்த நிமிஷம் வேண்டும் என்று. மேடம் படிவத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை தேசம்மா கேட்டுக்கு வந்தார்.

“எழுவத்தொண்ணா? இன்னாய்யா சொல்றே? எஞ்சுண்ணாம்ப நாக்குல வச்சிப் பாரு, நாக்கு வெந்து போவும். எங்கப்பன் காலத்துலேந்து எம்பத்தஞ்சுக்குக் கொறஞ்சதில்ல.”

கோபால், “மிஷினு சொல்லுதும்மா, நான் இன்னா பண்றது. எடுத்துக்கினு போறதுன்னா லாரி கூப்பிடு” என்றான்.

“இந்த மழைல எங்க எடுத்துக்கினு போவேன்? கொதிச்சி லாரியே பத்திக்கும். ஏய்யா பேஜாரு பண்றீங்க?” பிறகு என்னைப் பார்த்தார். “நீதான எடுத்தே. எங்கண்ணு முன்னாலதான எடுத்தே. நல்லாத்தான எடுத்தே? சொல்லு.”

“நல்லாத்தாங்கா எடுத்தேன்” என்றேன். அது உண்மை.

“அப்ப உம் பாட்டிலு பொய் சொல்லுது” என்றார் தேசம்மா. முந்நூறு ரூபாய் வவுச்சரில் கட்டை விரலை உருட்டிவிட்டு, மையை மதில் சுவரில் தேய்த்துவிட்டுப் போனார்.

நான் ஆய்வகத்துக்குள் வந்து பதினான்காம் எண் பாட்டிலைக் கையில் எடுத்தேன். வெள்ளிக்கிழமை நான் நிரப்பியபோது மணல்போல நறநறவென்று இருந்த பொடி, இப்போது கோதுமை மாவுபோல உப்பிக் கழுத்து வரைக்கும் வந்திருந்தது. மழைக்காற்றைக் குடித்திருந்தது. காற்றுப் பட்டால் சுண்ணாம்பு நீர்த்துப் போகும் என்று கண்ணாடி கழுவிய காலத்திலிருந்தே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, சீட்டைத் தேடித் தேடி, ஈரக் காற்றில் அதை நானே விரித்து விரித்து வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலை சோற்றுப் பாத்திரத்தைக் கட்டிக் கொடுத்த சகுந்தலா, “நேத்துலேந்து பூட்டக்கூட இழுத்துப் பாக்கல நீ. இன்னா ஆச்சு?” என்றாள். சொன்னேன். உத்தரவு போய்விடலாம், வேலையே போய்விடலாம் என்றும் சொன்னேன். அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். “அந்தம்மா ஊட்லயும் புள்ளைங்க இருக்கும்ல?” என்றாள். கதவை அவளே சாத்திக்கொண்டாள்.

அன்று நான் எழுதியது இது. அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம்.

‘மாதிரி எண் 14, சோதனைப் பாட்டில், வெள்ளி மாலைக்கும் திங்கள் காலைக்கும் நடுவில் ஒன்பது முறை திறக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் காகிதத்தில் கொட்டித் திரும்ப அள்ளப்பட்டது. காரணம்: உள்ளே சீட்டு இருக்கிறதா என்ற சந்தேகம். சீட்டு ஒவ்வொரு முறையும் இருந்தது. திறந்தவர்: ஏகாம்பரம். சோதனையின்போது குடுவை சூடாகவில்லை. அதை ஏகாம்பரம் கவனித்தும் எழுதவில்லை.’

மேடத்தின் மேசைமேல் வைத்துவிட்டு நின்றேன். அவர் இரண்டு முறை படித்தார். பென்சிலை எடுத்தார்.

“ஒன்பதா? எண்ணினீங்களா?”

“ஒம்போதோ பத்தோ இருக்கும் மேடம்.”

“அப்ப ‘ஒன்பது அல்லது பத்து’ன்னு எழுதுங்க.”

எழுதினேன்.

“அலமாரி பாட்டில்?”

“அதையும்... மூணு தபா.”

அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “ஏகாம்பரம், இவ்வளவு பத்திரமா யாரும் ஒரு சாம்பிளக் கெடுத்திருக்க மாட்டாங்க” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய், பியூரெட்டைக் கழுவுகிற மாதிரி எனக்கு முதுகு காட்டி நின்றார். நான் முகத்தைத் துடைத்துக்கொள்ள அவர் கொடுத்த நேரம் அது என்று நினைக்கிறேன்.

திரும்பி வந்து, என் எழுத்துக்குக் கீழே தன் கையால் தமிழில் எழுதினார். ‘பத்திரமாக என்ற சொல்லில் எனக்குச் சந்தேகம் இருந்தது. கேட்காமல் கையெழுத்திட்டேன். சாரதா.’

“மூணாவது பாட்டில் அந்த அம்மாகிட்ட இருக்குமா?”

“கோவத்துல ஏரியில வீசியிருந்தா?”

“போய்ப் பாத்துட்டு வந்து எழுதுங்க” என்றார்.

வியாழக்கிழமை பழவேற்காட்டுக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து படகில் அக்கரை போனேன். சூளை அணைந்து ஈரச் சாம்பலாகக் கிடந்தது. பக்கத்து ஓலைக் கொட்டகையில் பெண்கள் சிலர் கிளிஞ்சல் சலித்துக்கொண்டிருந்தார்கள். தேசம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“அடியே, பாட்டிலு சாரு வந்துகிறாரு பாருங்கடி. இன்னாய்யா, அடுப்புச் சாம்பலையும் பாதி வெலைக்கிக் கேக்க வந்தியா?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் நின்றபடியே சொல்லி முடித்தேன். கொட்டியது, அள்ளியது, சீட்டு, எல்லாம். சிரிப்பு நின்றுவிட்டது. தேசம்மா சல்லடையைக் கீழே வைத்தார்.

“ஒம்போது தபாவா?”

“ஒம்போதோ பத்தோக்கா.”

“ஒடம்புக்கு எதுனா பண்ணுதா உனக்கு?” என்று கேட்டார். கேலியாக இல்லை, கவலையாகத்தான் கேட்டார். என்னை அப்படி யாரும் கேட்டதில்லை. “எப்பவும் இப்படித்தாங்கா” என்றேன்.

குடிசைக்குள் போனார். அரிசிப் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பாட்டிலை எடுத்தார். நான் வைத்த அரக்கு அப்படியே இருந்தது. மழைக்காலத்தில் தீப்பெட்டி, உப்பு, எது நமுத்துப் போகக் கூடாதோ அதை அரிசிக்குள் புதைத்து வைப்பது அவர்கள் வழக்கமாம்.

“ஒரு தபா கூடத் தொறந்து பாக்கலியாக்கா?”

“எதுக்குத் தொறக்கணும்? உள்ள இன்னா கீதுன்னு எனக்குத் தெரியுமே.”

இரு தரப்பும் இருக்கும்போதுதான் அந்தப் பாட்டிலைத் திறக்க வேண்டும். தேசம்மாவே வெள்ளிக்கிழமை அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். உடனிருந்தவர்கள்: தேசம்மா, சாரதா மேடம், கோபால், நான். பொடியைத் தண்ணீரில் போட்டதும் சீறியது. குடுவையைக் கொஞ்ச நேரம் மேசையில் வைக்க வேண்டியிருந்தது, அவ்வளவு சூடு. அதை எழுதினேன். நிறங்காட்டி விழுந்து ரோஜா நிறம் வந்ததும் தேசம்மா, “ஐய, தாவணி கலரு” என்றார். பியூரெட்டைத் திறந்தேன். நிறம் போகவில்லை. அவர் முகம் வாடியது.

“போவ மாட்டேங்குதே நைனா. கெட்டுப்போச்சா?”

“போகாம இருக்கிற வரைக்கும் உங்களுக்கு நல்லதுக்கா. எவ்ளோ நேரம் நிக்குதோ அவ்ளோ சத்து.”

உடனே அவர் குனிந்து குடுவையோடு பேச ஆரம்பித்துவிட்டார். “நில்லுடி. நில்லுடி ராஜாத்தி. போய்டாத. இன்னும் கொஞ்சம் நில்லு.” கோபாலும் தன்னை அறியாமல் பக்கத்தில் வந்து நின்றுவிட்டான். எழுபது தாண்டியது, எழுபத்தைந்து தாண்டியது. எண்பது தாண்டியபோது மேடம் பென்சிலைக் கீழே வைத்தார். எண்பத்தாறு புள்ளி நான்கில் ரோஜா மறைந்தது. தேசம்மா கையைத் தட்டினார். நான் தட்டவில்லை, இன்னொரு முறை செய்ய வேண்டியிருந்தது. அதிலும் அதே அளவு.

இரண்டாவது ரிப்போர்ட்டை மேடமும் நானும் உட்கார்ந்து எழுதினோம். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். “இதை நீங்க சொல்லலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே” என்றார். குறையாகச் சொன்னாரா, பாராட்டாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. வேலை போகவில்லை. அசிஸ்டன்ட் உத்தரவு மட்டும் மேசை டிராயருக்குள் போய், பதினான்கு மாதம் கழித்து வெளியே வந்தது. அதற்குள் என் மூத்த மகள் நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

தேசம்மாவுக்கு மீதி முந்நூறு ரூபாயும் முழுதாக வந்திருக்க வேண்டும். வரவில்லை. காரணம், கல்பனா, ஒரு படிவம். மறுசோதனை செய்தால் ஏன் செய்தோம் என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் மூன்று கட்டம் அச்சடித்திருந்தது. தலைமை அலுவலக உத்தரவு, அரசாங்கப் பரிசோதனை, பார்ட்டி கேட்டுக்கொண்டது. ‘எங்கள் தவறு’ என்று நான்காவது கட்டம் கிடையாது. மேடம் மூன்றையும் விட்டுவிட்டு ஓரத்தில் எழுதி அனுப்பினார். கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பியது. கோபால் மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டுவிட்டான். “ஒண்ணுல போட்டாதான் பாஸாவுது. நான் இன்னா பண்ணட்டும்?” என்றான். பார்ட்டி, அதாவது சரக்குக் கொண்டுவந்தவர், கேட்டுச் செய்தால் மறுசோதனைச் செலவு பார்ட்டி தலையில். சோதனைக்கு நாற்பது ரூபாய், சரக்கு முற்றத்தில் கிடந்ததற்கு இருபத்தேழரை ரூபாய். இரண்டையும் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்தார்கள்.

சாரதா மேடம் இதற்காக மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் ‘பார்ட்டி கேட்டுக்கொண்டது’ என்றே பதில் வந்தது. ஐந்தாவது வருடம் அவர் ஒரு கல்லூரிக்கு ஆசிரியராகப் போனார். போகும்போது கடித நகல்கள் இருந்த ஃபைலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். பிறகு நான் எழுதினேன், தமிழில். தமிழுக்குப் பதிலே வரவில்லை.

அந்தத் தொகையை என் சம்பளத்தில் எடுத்துக்கொண்டு ஒரு முறை தேசம்மாவிடம் போனேன். அவர் கையை நீட்டவில்லை. “உன் டப்பு எனக்கு எதுக்கு? நீ தப்பு பண்ணே, ஊடு தேடி வந்து சொன்னே, அதோட தீந்துச்சு. இது கம்பெனி துட்டு. கம்பெனி கையாலதான் வாங்குவேன். போயி உம் பொண்ணுக்குக் கொலுசு வாங்கிப் போடு” என்றார். அதன் பிறகும் லோடு கொண்டுவரும்போதெல்லாம் ஸ்டோர் ஜன்னலில் குனிந்து, “கோபாலு, என் பாக்கி இன்னா ஆச்சு?” என்று கேட்பார். கோபால், “எழுதிப் போட்டுக்கினே கீறோம்மா” என்பான். பிறகு என் மேசைக்கு வந்து, “ஒடம்பு எப்படிக் கீது, எத்தினி தபா தொறந்தே இன்னிக்கி?” என்பார். “ஒரு தபாதாங்கா” என்பேன். பெரும்பாலும் அது உண்மை. சில நாள் இரண்டு. இரண்டு என்றால் நோட்டில் இரண்டு என்றே எழுதினேன்.

எழுபதுகள் முடிவதற்குள் வெளியூரிலிருந்து கல் சுண்ணாம்பு ரயிலில் மலிவாக வந்தது. கிளிஞ்சல் சூளைகள் அணைந்தன. தேசம்மா வருவது நின்றது. பிறகு ஒருமுறை அக்கரைக்குப் போனபோது, அவர் தன் மகன் குடும்பத்தோடு வேறு கடற்கரைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் ஓய்வு பெற்ற சில வருடத்தில் தொழிற்சாலையையும் மூடிவிட்டார்கள்.

கல்பனா, உங்கள் கம்பெனி ரிப்போர்ட்டில் ‘மேலும் சொல்ல வேண்டியது’ என்ற கடைசிக் கட்டத்தில் ‘ஒன்றுமில்லை’ என்று போட்டுவிடுவதாகச் சொன்னாய். அதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசித்துப் பார். நாம் செய்ததில் ஏதாவது யார் தலையிலாவது இன்னும் நிற்கிறதா என்று பார். நின்றால், பேரோடு எழுது, தொகையோடு எழுது. கட்டம் இல்லையென்றால் ஓரத்தில் எழுது. நான் ஓய்வு பெற்ற அன்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் அப்படித்தான் எழுதிவிட்டு வந்தேன். இதைப் படிக்கிற யாருக்காவது அந்த அம்மாவின் மக்களைத் தெரிந்தால் சொல்லுங்கள்.

மாதிரி எண் 14. தேசம்மாவுக்குக் கம்பெனி தரவேண்டிய பாக்கி: அறுபத்தேழு ரூபாய் ஐம்பது காசு.